போன வருஷத்து கேஸ் எங்கே?

1980களின் பிற்பகுதி. நான் அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தேன். அந்த வருஷத் தணிக்கையில் ஒரு ஆட்சேபணை வந்தது. மேலதிகாரியின் அம்பாசடருக்கு 'ஏ.சி. கேஸ் சார்ஜ் செய்தது' என்று ஒவ்வொரு சித்திரையிலும் ஒரு வவுச்சர், மூன்று ஆண்டுகளாக. தொகை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் தணிக்கைக்கு வந்தவர் விடாக்கண்டர். "ஏ.சி. என்பது மூடிய அமைப்பு. போன வருஷம் நிரப்பிய கேஸ் எங்கே போயிற்று? விளக்கம் தேவை" என்று எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

விளக்கம் எழுதும் வேலை என் மேசைக்கு வந்தது. டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஓட ஓடத் தீர்ந்துபோவும் சார், பெட்ரோல் மாதிரிதான்" என்றார். எனக்கும் அதற்கு மேல் தெரியாது. "தொடர் பயன்பாட்டின் காரணமாக வாயு செலவாகிவிட்டது" என்று அலுவலக நடையில் எழுதி அனுப்பினேன். ஆட்சேபணை கைவிடப்பட்டது.

முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்தில் எத்தனையோ பதில் எழுதியிருக்கிறேன். முழுக்கத் தப்பாக எழுதியும் ஏற்றுக்கொள்ளப்பட்ட பதில் என்று எனக்கு உறுத்துவது இந்த ஒன்றுதான். ஓய்வு பெற்ற பிறகு, அந்தக் கேஸ் எங்கே போயிற்று என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மணலி மெக்கானிக் கடையில் ஆரம்பித்தது அண்டார்டிகா வரைக்கும் போயிற்று.

முதலில் ஒரு சின்ன பாடம். புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் பௌதிக வாத்தியார் கரும்பலகையில் 'லெ ஃப்ருவா', அதாவது 'குளிர்' என்று எழுதி, அதன் மேல் ஒரு கோடு கிழித்து அடிப்பார். குளிர் என்று உலகத்தில் ஒரு பொருளே கிடையாது, உஷ்ணம் இடம் மாறுவதுதான் உண்டு என்பார். கார் ஏ.சி. செய்வதும் அதைத்தான். உள்ளே இருக்கும் திரவம் டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள சுருள் குழாயில் கொதித்து ஆவியாகிறது. கொதிக்க வேண்டிய உஷ்ணத்தை நம் முகத்தில் படும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்த ஆவியை எஞ்சின் பெல்ட்டில் ஓடும் கம்ப்ரெஸர் இறுக்கி அமுக்கி, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சருக்குத் தள்ளுகிறது. அங்கே உஷ்ணத்தை வெளியே விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. திரும்பவும் உள்ளே வருகிறது. பெட்ரோல் எரிந்து தீரும். இது எரிவதில்லை, சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்தால் ஒரே அர்த்தம்தான்: எங்கேயோ ஒழுகியிருக்கிறது.

வீட்டு ஃப்ரிட்ஜில் இருபது வருஷம் கேஸ் அப்படியே இருக்கிறதே, காரில் மட்டும் ஏன் ஒழுகுகிறது? ஃப்ரிட்ஜில் மோட்டாரும் கம்ப்ரெஸரும் ஒரே இரும்புக் குடுவைக்குள் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். காரில் கம்ப்ரெஸரைச் சுற்றுவது வெளியே இருக்கும் எஞ்சின். ஆகவே சுழலும் அச்சு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த அச்சைச் சுற்றி ஒரு சீல். எஞ்சின் ஆடும், கம்ப்ரெஸர் அதோடு சேர்ந்து ஆடும். ஆகவே இரும்புக் குழாய் போட முடியாது, ரப்பர் ஹோஸ்தான். இணைப்புக்கு இணைப்பு ரப்பர் வளையம். கார் டயரில் 30 பவுண்டு காற்று அடைக்கிறோம். வெயில் நாளில் ஏ.சி.யின் உயரழுத்தப் பக்கம் 200 பவுண்டைத் தாண்டும். எங்கள் மணலி சாலையில் டிரெய்லர் லாரிகளின் நடுவே பள்ளத்தில் இறங்கி ஏறும் காரில் ஒழுகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் இந்தக் கேஸ் ஒழுகுவது நமக்குத் தெரியாது. அதுதான் இதன் கதையே.

மணலிக்காரனுக்கு கேஸ் என்றால் மூக்கு முதலில் வேலை செய்யும். இது அழுகிய முட்டை வாசனை, இது கருகிய எண்ணெய், இது கண்ணை எரிக்கும் அம்மோனியா என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடப் பிரித்துச் சொல்லும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து தெருவுக்கு ஓடியது மூச்சு திணறியதால்தான். அறிவிப்பு வரும் வரை யாரும் காத்திருக்கவில்லை.

அந்த அம்மோனியாதான் குளிர்பதனத்தின் பாட்டன். 1842-இல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டபோது பனிக்கட்டி அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்தது. ஃப்ரெடெரிக் டியூடர் என்பவருடைய வியாபாரம். உறைந்த ஏரியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, நான்கு மாதக் கடல் பயணம். பிரான்சில் ஃபெர்தினான் கரே 1859-இல் அம்மோனியாவை வைத்துப் பனிக்கட்டி செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். எங்கள் பாடப்புத்தகத்தில் அவருக்கும், 1876-இல் 'ஃப்ரிகோரிஃபிக்' என்ற கப்பலில் ரூவான் துறைமுகத்திலிருந்து இறைச்சியைக் கெடாமல் புவெனஸ் ஐரிஸ் வரை கொண்டுபோன ஷார்ல் தெலியேவுக்கும் தனிப் பக்கம் உண்டு. இயந்திரப் பனிக்கட்டி வந்ததும் டியூடரின் வியாபாரம் முடிந்தது. இன்றைக்கும் காசிமேட்டு மீனுக்குப் போடும் பார் ஐஸ் அம்மோனியாவின் உபயம்தான். பெரிய ஐஸ் ஆலைகளில் அதை யாரும் அசைக்கவில்லை.

வீட்டுக்குள் அது சரிப்படவில்லை. 1920களில் அமெரிக்க வீட்டு ஃப்ரிட்ஜ்களில் அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்ஸைடு, மெத்தில் குளோரைடு ஓடின. இரவில் கசிந்து ஆட்கள் செத்தார்கள். 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸுக்காகத் தாமஸ் மிட்ஜ்லி என்ற பொறியாளரின் குழு ஒரு புது வாயுவைக் கண்டுபிடித்தது. விஷமில்லை, எரியாது, இரும்பை அரிக்காது, வாசனை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. 1930-இல் ரசாயனக் கழகக் கூட்டத்தில் மிட்ஜ்லி அதை மூச்சு நிறைய இழுத்து, எரியும் மெழுகுவர்த்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார். விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது என்று ஒரே ஊதலில் நிரூபித்துவிட்டார். 'ஃப்ரியான்' என்று பெயர் வைத்தார்கள். நம் கடைகளில் ஆர்-12. (பெட்ரோலில் ஈயம் கலக்க வழி காட்டியவரும் இதே மிட்ஜ்லிதான். ஒரே மனிதருக்கு இரண்டு சாதனை!)

அந்த வாயு இல்லையென்றால் கார் ஏ.சி. இல்லை. நான்கு பேர் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்காரும் பெட்டிக்குள் அம்மோனியாவை யார் விடுவார்கள்? 1940 மாடல் பாக்கார்ட் கார்தான் ஆலையிலேயே ஏ.சி. பொருத்தி விற்கப்பட்ட முதல் கார். பின்னால் டிக்கியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டது. குளிர் போதும் என்றால் எஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்.

நம் ஊரில் அம்பாசடர் காலத்தில் ஏ.சி. என்பது முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிவிடுவதுதான். ரொம்பப் பெரிய அதிகாரி என்றால் வெட்டிவேர்த் தட்டி. பிறகு வெளியே வாங்கிப் பொருத்தும் ஏ.சி. வந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800, அடுத்த ஆண்டு கான்டெஸா, 1985-இல் சுசுகி, டென்ஸோ கூட்டோடு சுப்ரோஸ் என்று வரிசையாக வந்தபின்தான் நடுத்தரக் குடும்பத்துக்கு அந்த ஆசை பிறந்தது. கேஸும் நம் நாட்டிலேயே தயாரானது. மேட்டூர் கெம்ப்ளாஸ்டில் செய்த கேஸுக்கு 'மெட்ரான்' என்று பெயர். சூரத்தில் 'மாஃப்ரான்'. மணலியில் நைலான் நூல் ஆலை வைத்திருக்கும் எஸ்.ஆர்.எஃப். ராஜஸ்தானில் 'ஃப்ளோரான்' செய்தது. எங்கள் அலுவலக வவுச்சரில் இருந்தது எந்தக் கேஸோ, இவற்றில் ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

வாசனை இல்லாததால் கசிவைக் கண்டுபிடிக்கப் பழைய மெக்கானிக்குகளிடம் ஒரு விளக்கு இருந்தது. கசியும் இடத்தில் காட்டினால் நீலச் சுடர் பச்சையாகும். இல்லாதவர்கள் சோப்பு நுரை. அதற்கும் பொறுமை இல்லாதவர்கள் நேராகக் கேஸைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். அடுத்த சித்திரையில் அதே கார் திரும்பி வரும். வியாபாரமும் நடக்கும், வவுச்சரும் வரும்.

இங்கேதான் எனக்கு ரோமம் சிலிர்த்த விஷயம். வீரபத்ரன் ராமநாதன் என்பவர் 1965-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்தார். எங்கள் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் நடுவில், சிதம்பரத்தில். முதல் வேலை செகந்திராபாத்தில் ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனியில். என்ன வேலை தெரியுமா? கேஸ் ஏன் இவ்வளவு சீக்கிரம் ஒழுகிப்போகிறது என்று கண்டுபிடிப்பது. எங்கள் தணிக்கைக்காரர் கேட்ட அதே கேள்வி, இருபது வருஷத்துக்கு முன்னால்.

அவர் அந்த வேலையில் தங்கவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், அங்கிருந்து அமெரிக்கா. 1974-இல் ரோலண்ட், மொலினா என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்த வாயுக்கள் கீழே எதனோடும் சேராததால், அழியாமல் மேலே மேலே ஏறுகின்றன. ஸ்ட்ராட்டோஸ்பியரில் புற ஊதாக் கதிர் பட்டு உடைகின்றன. உடைந்து வரும் ஒரு குளோரின் அணு லட்சக்கணக்கில் ஓசோன் மூலக்கூறுகளைத் தின்றுவிடும் என்றார்கள். மிட்ஜ்லி பெருமையாகச் சொன்ன அதே குணம்தான், எதனோடும் சேராத சாதுவான குணம்தான், வினையாயிற்று. அதைப் படித்த ராமநாதன் தனக்குப் பழக்கமான இந்தக் கேஸைப் பற்றி இன்னொரு கணக்குப் போட்டார். ஓசோன் இருக்கட்டும், மேலே தங்கும் இந்த வாயு பூமியின் உஷ்ணத்தை எவ்வளவு பிடித்துவைக்கும்? 1975-இல் 'சயின்ஸ்' இதழில் விடை வந்தது. ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் பத்தாயிரம் மூலக்கூறுகளுக்குச் சமம். பூமி சூடாவதற்குக் கரியமில வாயு மட்டும் காரணமில்லை என்று உலகம் கவனிக்க ஆரம்பித்தது அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான். ரோலண்டுக்கும் மொலினாவுக்கும், அவர்களோடு க்ருட்ஸனுக்கும், 1995-இல் நோபல் கிடைத்தது. ராமநாதன் பெயர் நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? நான் விசாரித்த வட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

குமாஸ்தா புத்தி, நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆர்-12 ஒரு கிலோ வெளியேறினால், நூறு வருஷக் கணக்கில் ஏறக்குறைய 10,900 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்பது ஐ.நா. குழுவின் எண். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ. ஆக ஒரு கிலோ கேஸ் என்பது 4,700 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர் ஓடும் அம்பாசடரில் அது நாற்பதாயிரம் கிலோமீட்டர். பூமியை ஒரு முறை சுற்றி வரும் தூரம். எங்கள் மேலதிகாரி தினமும் வீட்டிலிருந்து கோட்டைக்குப் போய் வந்தவர்தான். வவுச்சருக்கு ஒரு கிலோ என்று வைத்தாலும் மூன்று வவுச்சரில் பூமியை மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறார். நான் 'செலவாகிவிட்டது' என்று எழுதினேன்.

1985-இல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் மெலிந்துபோனதை பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியல் ஒப்பந்தம். இந்தியா உடனே கையெழுத்துப் போடவில்லை. கேஸை உபயோகித்துக் குளிர்காய்ந்தவர்கள், அல்ல, குளிர்ந்தவர்கள், அவர்கள். மாற்று வாயுவுக்கு நாம் ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று கேட்டது. நியாயமான கேள்வி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். 1990-இல் லண்டனில் அதற்கென்று பொது நிதி ஏற்பாடான பிறகு, 1992-இல் சேர்ந்தோம். அந்த நிதி உதவியோடு மேட்டூர் உள்பட நான்கு கம்பெனிகளின் தயாரிப்பு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 2008 ஆகஸ்டு 1 முதல் ஆஸ்துமா இன்ஹேலருக்கான தேவை தவிர இந்தியாவில் சி.எஃப்.சி. தயாரிப்பு நின்றது. கெடு 2010, அதற்குப் பதினேழு மாதம் முன்பே முடித்தோம். அரசுத் திட்டம் ஒன்று கெடுவுக்கு முன்பே முடிந்தது என்று எழுத எனக்கே கை கூசுகிறது, ஆனால் உண்மை.

காகிதத்தில் நின்றுபோன கேஸுக்குத் தெருவில் என்ன ஆயிற்று என்பதற்கு என் சொந்த அனுபவம் உண்டு. 2000-க்குப் பின் நான் ஒரு பழைய மாருதி வாங்கினேன். என் மனைவிக்கு இழுப்பு உண்டு. மணலியில் சில நாட்கள் காரின் கண்ணாடியை இறக்கவே முடியாது. எங்களுக்கு ஏ.சி. ஆடம்பரமாக வாங்கியது அல்ல. அது ஆர்-12 வண்டி. ஆர்-12 விலை ஏறிக்கொண்டே போயிற்று. புது வாயுவான ஆர்-134ஏ-வுக்கு மாற்ற வேண்டுமென்றால் கம்ப்ரெஸர் எண்ணெய் மாற்ற வேண்டும், டிரையர் மாற்ற வேண்டும், வளையங்கள் மாற்ற வேண்டும். பழைய எண்ணெய் புதுக் கேஸோடு கலக்காது. பட்டணத்துக்குள் ஒரு கடையில், "அதெல்லாம் வேண்டாம் சார், அப்படியே ஏத்தற மாதிரி ஒரு கேஸ் இருக்கு, பாதி விலை" என்றார்கள். எனக்கும் பாதி விலை இனித்தது. ஏற்றினார்கள். பிரமாதமான குளிர்.

பத்தாவது நாள் எண்ணூர் விரைவுச் சாலையில் வந்துகொண்டிருந்தோம். என் மனைவி திடீரென்று, "ஏங்க, அடுப்பை அணைக்காம வந்துட்டேனா?" என்றாள். வீடு ஆறு கிலோமீட்டர் தூரத்தில். "இங்கே எப்படி உனக்கு அந்த வாசனை வரும்?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "வண்டிக்குள்ளே அடிக்குதுங்க" என்றாள். ஓரம் கட்டி, நாலு கதவையும் திறந்து, இருவரும் இறங்கித் தள்ளி நின்றோம். மணலி போகிற வழியில் எங்கள் மெக்கானிக் பாயைக் கூப்பிட்டு வண்டியைக் கட்டி இழுத்துப்போனோம். அவர் குழாயின் வாயை ஒரு முறை முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தார். "சார், சமையல் கேஸைப் போட்டிருக்கான்."

குளிர்விக்கும், சந்தேகமில்லை. அதே குடும்பத்து வாயுவைத்தான் இன்றைய வீட்டு ஃப்ரிட்ஜ்களில், அறுபது எழுபது கிராம் அளவில், இறுக மூடி வைக்கிறார்கள். ஆனால் ஒழுகுவதையே சுபாவமாகக் கொண்ட கார் ஏ.சி.யில், மூடிய பெட்டிக்குள், சிகரெட் லைட்டரும் ஒயர்களும் நடுவே! சமையல் கேஸில் கசிவு தெரிவதற்காகவே நாற்றம் கலக்கிறார்கள். அதுவும், என் மனைவியின் மணலி மூக்கும்தான் எங்களைக் காப்பாற்றின. அந்தக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேனா என்றால், இல்லை. பாதி விலைக்கு ஆசைப்பட்டவன் எந்த முகத்தோடு போவது?

இப்போது மகனின் காரில் இருப்பது ஆர்-134ஏ. ஓசோனைத் தொடாது. ஆனால் உஷ்ணக் கணக்கில் கிலோவுக்கு 1,430 கிலோ. சின்னக் காரில் அரை கிலோ சுற்றுவட்டத்தில் இருக்கும். அது முழுவதும் ஒழுகினால் 310 லிட்டர் பெட்ரோல், சென்னையிலிருந்து டெல்லி போய் வருகிற கணக்கு. இதற்கும் முடிவு குறித்தாயிற்று. 2016-இல் கிகாலியில் ஒப்புக்கொண்டார்கள், 2021-இல் இந்தியா ஏற்றது, 2032-இலிருந்து படிப்படியாகக் குறைத்து 2047-க்குள் 85 சதவீதம். ஐரோப்பாவில் 2017 முதல் புதுக் கார்களில் இது கிடையாது, பெரும்பாலும் ஆர்-1234ஒய்.எஃப். என்ற கேஸ், உஷ்ணக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுமில்லை, விலையில் யானை. நம் பாய் கடைக்கு அது வரும்போது யார் பாதி விலையில் எதை ஏற்றுவார்கள் என்று நினைத்தால் இப்போதே அடிவயிறு கலங்குகிறது.

போன சித்திரையில் மகனின் காரில் குளிர் குறைந்தது. பாய் கடைக்கு நான்தான் கொண்டுபோனேன். இப்போது அவருடைய மகன் பார்த்துக்கொள்கிறான். "கேஸ் கம்மியா இருக்கு தாத்தா, டாப்-அப் பண்ணிடவா?" என்றான். "முதல்ல ஓட்டை எங்கேன்னு சொல்லுப்பா" என்றேன். அவன் அப்பா உள்ளே கயிற்றுக் கட்டிலில் இருந்து, "சார் சொல்றபடி செய்டா, அவர் விடமாட்டார்" என்று குரல் கொடுத்தார்.

நைட்ரஜன் அடைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவினான். முக்கால் மணி நேரம். கண்டென்சர் பக்கத்து இணைப்பில், மிளகு அளவுக்கு ஒரு குமிழி, வந்து உடைந்து, மறுபடி வந்தது. அதைக் கழற்றி எடுத்தான். கறுப்பு ரப்பர் வளையம், மோதிரத்தை விடச் சின்னது, ஒரு பக்கம் சப்பையாகி வெடித்திருந்தது. புது வளையம் முப்பது ரூபாய். பம்பு வைத்து அரை மணி நேரம் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்தான். சிலிண்டரைத் தராசில் வைத்து, பானெட் ஸ்டிக்கரில் போட்டிருந்த கிராம் அளவுக்கு ஏற்றினான். பையன் கெட்டிக்காரன்.

பில் எழுதினான். 'ஏ.சி. கேஸ் சார்ஜ்' என்று ஒரே வரி. பேனாவை அவனிடம் திருப்பிக் கொடுத்து, அதற்குக் கீழே 'கசிவுக்குக் காரணம்: கண்டென்சர் இணைப்பு வளையம், மாற்றப்பட்டது' என்று எழுதச் சொன்னேன். எதற்கு என்று கேட்டான். "ஆடிட்டுக்கு" என்றேன். பழைய வளையத்தையும் அந்தப் பில்லோடு குண்டூசி போட்டு வாங்கிக்கொண்டேன்.